அடைக்கலம் தந்த ஊர்

கி.மு. 480ஆம் ஆண்டு. ஏதென்ஸ் நகரின் கரைக்கு எதிரே, ஒடுங்கிய கடலுக்கு அப்பால் உள்ள சலாமிஸ் தீவிலே கிரேக்கக் கடற்படைத் தளபதிகள் ஆலோசனை நடத்துகின்றனர். பாரசீகப் பேரரசன் செர்க்சிஸின் படைகள் ஏதென்ஸைக் கைப்பற்றி எரித்துவிட்டன. சலாமிசிலேயே நின்று போரிட வேண்டும் என்று வாதாட ஏதென்ஸின் தளபதி தெமிஸ்தோக்கிளிஸ் எழுகிறார். கொரிந்து நகரின் தளபதி அடெய்மாந்தஸ் அவரை இடைமறிக்கிறார். ஊரில்லாத மனிதனுக்கு இச்சபையிற் பேச உரிமையில்லை, தனக்கென்று ஓர் ஊரைக் காட்டிவிட்டு அவர் வந்து கருத்துரைக்கட்டும் என்பது அவருடைய வாதம்.

ஹெரோடோட்டஸ் பதிந்து வைத்த இந்தச் சொல்லின் காரம் இன்றுவரை ஆறவில்லை. எம்மிற் பலர் வேறு மொழிகளிலே, வேறு அலுவலகங்களிலே கேட்ட சொல்தான் அது.

தெமிஸ்தோக்கிளிஸ் கொடுத்த பதிலும் புகழ்பெற்றது. ஆட்கள் ஏறி நிற்கும் இருநூறு கப்பல்கள் எம்மிடம் உள்ளவரை உமது நகரைவிடப் பெரிய நகரும் நாடும் எமக்கு உண்டு என்று அவர் கூறினார். அடுத்து நடந்த கடற்போரிலே பாரசீகக் கடற்படை சிதறியது. பாடநூல்கள் இந்தப் போரைத்தான் பேசுகின்றன. நாம் பேச விரும்புவது போருக்குச் சில நாட்களின் முன் அக்கப்பல்களில் ஏறிச் சென்றவர்களைப் பற்றி.

ஏதென்ஸ் மக்கள் முழு நகரையும் விட்டு வெளியேறினார்கள். பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் மூன்று இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் சலாமிசுக்கும், சிலர் ஈஜினாத் தீவுக்கும், பெரும்பாலோர் வளைகுடாவின் மறுகரையிலுள்ள திரோய்சன் என்னும் சிற்றூருக்கும் போய்ச் சேர்ந்தனர். திரோய்சன் செல்வம் மிகுந்த ஊரன்று. சலாமிஸ் போருக்கு அது அனுப்பக்கூடியதாக இருந்தவை ஐந்து கப்பல்கள் மட்டுமே. அவ்வூர் மக்கள் தம் சபையைக் கூட்டி எடுத்த தீர்மானத்தைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். வந்தவர்களுக்கு ஊர்ப் பணத்திலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஓபல் காசு கொடுப்பது என்பது முதலாவது. வந்த பிள்ளைகள் எவருடைய தோட்டத்திலும் பழம் பறித்துத் தின்னலாம் என்பது இரண்டாவது. அப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களின் சம்பளத்தை ஊரே கொடுக்கும் என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவதை வாசிக்கும்போது எமது வாசகர்களிற் சிலர் பத்திரிகையை ஒரு கணம் மடித்து வைப்பார்கள் என்று நாம் நம்புகிறோம். காசு கொடுப்பவர்கள் எங்கும் உண்டு. வந்த பிள்ளையின் படிப்பு ஒரு பருவமேனும் தவறக்கூடாது என்று நினைப்பதற்கு வேறொரு மனம் வேண்டும். பழம் பறிக்க விட்டதும் அவ்வாறே: கைநீட்டிக் கேளாமல் தானே பறித்துத் தின்னும் பிள்ளை, தான் அந்நியன் என்பதைச் சற்று நேரமாவது மறந்திருக்கும்.

அவ்வாண்டில் நகரைவிட்டுச் சென்ற குடும்பங்களில் ஒன்று கப்பற்தளபதியாக விளங்கிய சாந்திப்பஸ் என்பவருடையது. அவருடைய நாய் அவரைப் பிரிய மாட்டாமல் கடலிற் குதித்து, கப்பலின் பக்கமாகவே நீந்திச் சென்று, சலாமிஸ் கரையை அடைந்ததும் இறந்ததாக ஒரு கதை வழங்கிவந்தது. சாந்திப்பசுக்கு ஏறத்தாழப் பதினைந்து வயதில் ஒரு மகன் இருந்தான். அவன் பெயர் பெரிக்கிளிஸ். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் ஏதென்ஸ் மக்கள் எல்லோரும் சான்றோராகவே நடந்துகொண்டனர் என்று சொல்லவும் முடியாது. மறு ஆண்டு கி.மு. 479இல் பாரசீகத் தளபதி மார்டோனியஸ் ஏதென்ஸை இரண்டாம் முறை பிடித்தபோது மக்கள் மீண்டும் சலாமிசில் ஒதுங்கினர். எதிரி அனுப்பிய சமாதான நிபந்தனைகளை மக்கள் சபையின் முன் வைத்துப் பார்க்கலாம் என்று லைசிடஸ் என்ற ஆலோசனைச் சபை உறுப்பினர் கூறினார். அவரைச் சூழ்ந்து நின்றோர் கல்லால் அடித்துக் கொன்றனர். செய்தி பரவியதும் பெண்கள் தாமாகவே திரண்டு சென்று அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கல்லெறிந்து கொன்றனர். ஹெரோடோட்டஸ் இதைத் தீர்ப்பு எதுவும் கூறாமல் எழுதிச் செல்கிறார். நாம் அவ்வாறு கடந்துசெல்ல இயலாதவர்களாக இருக்கிறோம். மாற்றுக் கருத்துச் சொன்னவனின் குடும்பத்தைத் தண்டிக்கும் வழக்கம், ஒரு சமூகம் வீடிழந்து நிற்கும் வேளையிலே தன் சொந்தக் கையாலேயே தொடங்கக்கூடியது என்பதற்கு இது ஒரு பழைய சாட்சி.

அதே ஆண்டில் பிளாட்டியாவிலும் மைக்காலியிலும் பாரசீகர் தோற்றனர். ஏதென்ஸ் மக்கள் வீடு திரும்பினர். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக நின்று, கல்லறைக் கற்களையும் உடைந்த தூண்களையும் அடுக்கி மதில் எழுப்பினர். கி.மு. 431இல் ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் தமக்குள் மோதிய பெரும்போர் தொடங்கும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இடையில் உள்ளன. இந்த ஐம்பது ஆண்டுகளைத்தான் உலகம் ஏதென்ஸின் பொற்காலம் என்று கொண்டாடுகிறது. பார்த்தினன் கோவிலும், நாடகங்களும், மக்களாட்சியும் அக்காலத்தின் கொடைகள். அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த ஐம்பது ஆண்டுகளைத் திரோய்சனில் இருந்தும் ஈஜினாவில் இருந்தும் பார்த்தால் வேறொரு தோற்றம் தெரிகிறது.

தொடக்கம் நேர்மையாகவே இருந்தது. கிரேக்கக் கூட்டுப்படைக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்ட்டாவின் பவுசானியஸ் ஆணவத்தால் கெட்டான். கூட்டாளிகள் ஏதென்ஸை நாடி வந்தனர். கி.மு. 478-477இல் டீலோஸ் என்னும் புனிதத் தீவை மையமாகக் கொண்டு ஒரு கூட்டணி பிறந்தது. பாரசீகத்திடமிருந்து கிரேக்கரை மீட்பதும், அழிவுக்கு ஈடு தேடுவதும் அதன் நோக்கங்கள். எந்த நகர் கப்பல் தரவேண்டும், எது பணம் தரவேண்டும் என்று வகுத்தவர் அரிஸ்டைடிஸ். முதல் மதிப்பீடு ஆண்டுக்கு 460 தாலந்து. அவருடைய கணக்கைக் கூட்டாளிகள் நியாயமானது என்று ஏற்றனர். இரும்புக் கட்டிகளைக் கடலில் அமிழ்த்தி, இவை மிதந்து மேலே வரும்வரை இவ்வுடன்பாடு நிலைக்கும் என்று சத்தியம் செய்தனர்.

இரும்பு மிதக்கவில்லை. உடன்பாடுதான் மாறியது. கி.மு. 470 அளவில் நக்சோஸ் தீவு விலக விரும்பியபோது ஏதென்ஸ் அதனை முற்றுகையிட்டு அடக்கியது. உடன்பாட்டுக்கு மாறாக அடிமைப்படுத்தப்பட்ட முதலாவது கூட்டாளி நகர் அது என்று தூசிடிடிஸ் எழுதுகிறார். கி.மு. 465இல் தாசோஸ் தீவு எழுந்தது. அங்கே பிணக்கு பாரசீகத்தைப் பற்றியதே அன்று. எதிர்க்கரையில் இருந்த சந்தைகளும் ஒரு சுரங்கமும் யாருக்கு என்பதே கேள்வி. மூன்றாம் ஆண்டில் தாசோஸ் பணிந்தது. மதிலை இடித்தது, கப்பல்களைக் கொடுத்தது, பணம் கட்டியது.

இதிலே கூட்டாளிகளின் பிழையும் உண்டு என்பதைத் தூசிடிடிஸ் மறைக்கவில்லை. ஊரைவிட்டுப் போர்க்களம் செல்ல விரும்பாத பலர், கப்பலுக்கும் ஆளுக்கும் பதிலாகப் பணமே தருகிறோம் என்றனர். அப்பணத்திலே ஏதென்ஸின் கடற்படை வளர்ந்தது. பின்னர் அவர்கள் எழ நினைத்தபோது கையிலே படைக்கலமும் இல்லை, பழக்கமும் இல்லை. எமது காவலை இன்னொருவர் பார்த்துக்கொள்வார், நாம் மாதாந்தம் பணத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று எண்ணுவோர் எக்காலத்திலும் உளர்.

தலைவர்களின் கதை இன்னும் கசப்பானது. ஊரில்லாதவன் என்று ஏசப்பட்ட தெமிஸ்தோக்கிளிசை, கி.மு. 471 அளவில் அவர் காப்பாற்றிய ஊரே வெளியேற்றியது. ஏதென்சிலே ஓட்டாஞ்சில்லில் ஒருவர் பெயரைக் கீறிப் போட்டு அவரைப் பத்தாண்டுகளுக்கு நாடுகடத்தும் முறை இருந்தது. அக்ரோபொலிஸின் வடசரிவிலே ஒரு கிணற்றிலிருந்து 1937இல் தெமிஸ்தோக்கிளிஸின் பெயர் கீறப்பட்ட 190 சில்லுகள் அளவில் எடுக்கப்பட்டன. எழுத்துக்களை ஆராய்ந்தவர்கள் அத்தனையையும் எழுதியவை 14 கைகளே என்று கண்டனர். வாக்குகளை முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகிக்கும் கலை மக்களாட்சியோடு கூடவே பிறந்தது போலும்.

ஆர்கோசில் வசித்துவந்த அவர்மீது பின்னர் பாரசீகத்தோடு உறவு என்ற குற்றமும் சுமத்தப்பட்டது. அவர் ஓடினார். கோர்சைராத் தீவினர் அவரை வைத்திருக்க அஞ்சினர். வேறு வழியின்றி மொலோசிய அரசன் அட்மீட்டஸின் வீட்டுக்குச் சென்றார். அட்மீட்டஸ் அவருக்கு நண்பன் அல்லன். முன்னொரு காலத்தில் அவன் கேட்ட உதவியைத் தெமிஸ்தோக்கிளிஸ் மறுத்திருந்தார். அரசன் வீட்டில் இல்லை. அரசி சொல்லிக்கொடுத்தபடி அவர்களுடைய குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்பங்கரையில் அமர்ந்தார். அதுவே அந்நாட்டிலே தஞ்சக் கோரிக்கையின் மிக உயர்ந்த வடிவம். திரும்பி வந்த அரசன் பழைய மனவருத்தத்தைத் தள்ளிவைத்து, ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் அனுப்பிய ஆட்களிடம் அவரைக் கையளிக்க மறுத்துவிட்டான். ஈற்றில் தெமிஸ்தோக்கிளிஸ் யாருடைய கடற்படையை உடைத்தாரோ அந்த செர்க்சிஸின் மகன் அர்த்தசெர்க்சிஸிடமே போய்ச் சேர்ந்தார். ஓர் ஆண்டுக்குள் பாரசீக மொழியையும் அந்நாட்டு நடைமுறைகளையும் தம்மால் இயன்றவரை கற்றார். மக்னீசியாவின் ஆளுநராகி அங்கேயே இறந்தார். துரோகியென்று தீர்க்கப்பட்டவரை அத்திக்கா மண்ணிற் புதைக்கச் சட்டம் இடந்தரவில்லை. உறவினர் அவருடைய எலும்புகளைக் கொண்டுவந்து ஏதென்ஸ் அறியாமல் அங்கே புதைத்ததாகத் தூசிடிடிஸ் கேள்விப்பட்டு எழுதுகிறார். அவரும் பின்னர் இருபது ஆண்டுகள் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தவர். ஆதலால் இப்பகுதியை அவர் எழுதிய விதத்தில் ஒரு தனி ஈரம் இருப்பதாக எமக்குப் படுகிறது.

ஏதென்ஸ் அகதிகளை ஏற்றதும் உண்டு. ஸ்பார்ட்டாவின் பண்ணையடிமைகளான மெசீனியர் கி.மு. 464 நிலநடுக்கத்தின் பின் கிளர்ந்தெழுந்து, இத்தோமி மலையில் ஆண்டுக்கணக்கில் நின்று, நாட்டைவிட்டு வெளியேறும் நிபந்தனையோடு இறங்கினர். அவர்களை மனைவி மக்களோடு நவுப்பாக்டஸ் துறைமுகத்திலே குடியேற்றியது ஏதென்ஸ். ஆனால் அது ஸ்பார்ட்டாமீது கொண்ட பகையினாற் செய்தது என்று தூசிடிடிஸ் வெளிப்படையாகச் சொல்கிறார். எதிரியின் எதிரிக்குக் கொடுக்கும் இடமும் இடந்தான். குடியேறிய பிள்ளைக்கு அதன் காரணம் தேவையில்லை.

இனிப் பெரிக்கிளிஸின் காலம். கி.மு. 461இல் கீமோன் நாடுகடத்தப்பட்ட பின்னர் படிப்படியாக உயர்ந்த அவர், ஏழைக் குடிமகனும் நீதிமன்றில் அமரும்படி படிப்பணம் ஏற்படுத்தினார். அவரே கி.மு. 451இல் ஒரு சட்டத்தையும் கொண்டுவந்தார். அதன்படி தாயும் தந்தையும் ஆகிய இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால் மட்டுமே பிள்ளைக்குக் குடியுரிமை. குடிகளின் தொகை மிகுந்துவிட்டது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இக்காரணத்தை எமது வாசகர்கள் இதற்கு முன்னரும் கேட்டிருக்கலாம். சலாமிசில் வென்ற தெமிஸ்தோக்கிளிஸின் தாய் அந்நியப் பெண் என்று புளூட்டார்க் கூறுகிறார். பாரசீகரை யூரிமெடன் ஆற்றருகே தோற்கடித்த கீமோனின் தாய் திரேசிய நாட்டவள். இச்சட்டம் ஒரு தலைமுறை முந்தி வந்திருந்தால் அவ்விருவரும் ஏதென்சிலே அந்நியர்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு திராக்மா வரி கட்டி, பொறுப்பு நிற்க ஒரு குடிமகனைத் தேடிப் பிடித்து, சொந்தமாக ஒரு துண்டு நிலமும் வாங்க முடியாமல் வாழ்ந்திருப்பார்கள். சில ஆண்டுகளின் பின் எகிப்திலிருந்து தானியம் அன்பளிப்பாக வந்து பங்கிட்டபோது பட்டியல்கள் துருவி ஆராயப்பட்டன. ஏறக்குறைய 5,000 பேர் குடிகள் அல்லர் என்று தள்ளப்பட்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார்.

அச்சட்டம் பெரிக்கிளிஸின் வீட்டுக் கதவையும் தட்டியது. மிலீட்டஸ் நகரத்து அஸ்பேசியாவிடம் அவருக்குப் பிறந்த மகனுக்குக் குடியுரிமை இல்லை. பின்னாளிற் கொள்ளைநோயில் மற்ற இரு புதல்வரும் மடிந்தபோது, தம் சட்டத்துக்கு விலக்குக் கேட்டு மக்களிடம் மன்றாடினார். மக்கள் இரங்கினர்.

கி.மு. 454இல் கூட்டணியின் கருவூலம் டீலோசிலிருந்து ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. கூட்டாளிகள் செலுத்திய திறையில் அறுபதில் ஒரு பங்கு அதீனாத் தெய்வத்துக்கு. அக்கணக்கைப் பொறித்த பெருங்கற்களின் துண்டுகள் இன்றும் உள்ளன. கி.மு. 447இல் பார்த்தினன் வேலை தொடங்கியது. போருக்கென்று வாங்கிய பணத்தில் நகருக்கு நகை பூட்டுவதா என்று ஏதென்சுக்குள்ளேயே சிலர் கேட்டனர். நாம் அவர்களைக் காக்கிறோம், அவர்கள் குதிரையோ கப்பலோ வீரனோ தரவில்லை, பணம்தான் தருகிறார்கள், கொடுத்த பணம் வாங்கியவனுக்கே உரியது என்பது பெரிக்கிளிஸின் மறுமொழி. கேட்டவர்களின் தலைவர் கி.மு. 443இல் ஓட்டாஞ்சில்லால் வெளியேறினார்.

அடைக்கலம் தந்த ஊர்கள் என்னவாயின? ஈஜினாவை ஏதென்ஸ் கி.மு. 457 அளவில் அடக்கி, மதிலை இடித்து, கப்பல்களைப் பறித்து, ஆண்டுக்கு 30 தாலந்து திறை விதித்தது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயசின் கண்ணிற் பூத்த பீளை என்று அத்தீவைப் பெரிக்கிளிஸ் வர்ணித்தாராம். கி.மு. 431இல் போர் தொடங்கியதும், ஈஜினா மக்கள் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒருவர் எஞ்சாமல் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்கள் வீடுகளில் ஏதென்ஸ் மக்கள் குடியேறினர். நாற்பத்தொன்பது ஆண்டுகளின் முன் ஏதென்ஸ் பிள்ளைகள் கரையிறங்கிய அதே தீவு அது. வெளியேறியவர்களிற் பலர் ஸ்பார்ட்டா கொடுத்த தைரியா என்னும் நிலத்தில் ஒதுங்கினர். கி.மு. 424இல் ஏதென்ஸ் படை அங்கும் சென்று ஊரை எரித்தது. பிடிபட்ட ஈஜினா மக்களை ஏதென்சுக்குக் கொண்டுசென்று கொன்றனர்.

கி.மு. 430இல் நூறு கப்பல்களோடு பெலோபொனீசின் கரைக்குப் பெரிக்கிளிஸ் தாமே புறப்பட்டார். எபிடோரஸ் நகரைப் பிடிக்க முயன்று முடியாமற் போகவே, கரையோரமாகச் சென்று அயலூர்களின் வயல்களையும் தோட்டங்களையும் அழித்தார். அந்த ஊர்களில் ஒன்று திரோய்சன். சாந்திப்பஸின் மகன் நகரைவிட்டு ஏறிச் சென்று சரியாக ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏதென்ஸ் பிள்ளைகள் பழம் பறித்துத் தின்ற தோட்டங்களை ஏதென்ஸ் படைவீரர்களே நாசம் செய்தனர்.

அப்போது திரோய்சன் ஸ்பார்ட்டாவின் பக்கம் நின்றது, போரிலே எதிரியின் பயிரை அழிப்பது அக்கால வழக்கம் என்று வாதிடலாம். உண்மைதான். பெரிக்கிளிஸ் கொடியவர் அல்லர் என்பதையும் நாம் ஏற்கிறோம். அவர் அறிவாளி, கையூட்டு வாங்காதவர், தம்மை ஏசியவனை விளக்குப் பிடித்து வீடுவரை அனுப்பியவர் என்று கதை உண்டு. எமக்கு உறுத்துவதும் அதுவே. கொடியவன் மறந்தால் அதிற் பேச எதுவும் இல்லை. தன் ஊர் எரிந்ததைப் பதினைந்து வயதிற் கண்ட, கற்ற, நிதானமான மனிதர் மறந்திருக்கிறார். அல்லது நினைவிருந்தும் அது தம் கணக்கிற் சேரவேண்டியதில்லை என்று கருதியிருக்கிறார். அக்கடற்பயணத்திலிருந்து திரும்பிய பின்னர், கொள்ளைநோயாற் சினந்து நின்ற மக்களிடம் அவர் ஆற்றிய உரையைத் தூசிடிடிஸ் தருகிறார். உங்கள் பேரரசு கொடுங்கோன்மையைப் போன்றதாகிவிட்டது, அதை எடுத்தது அநீதியாக இருக்கலாம், விடுவது ஆபத்து என்று அதிற் கூறுகிறார். ஊர் இழந்தவர்கள் இனி ஒருபோதும் இழக்கமாட்டோம் என்று உறுதி பூணுகையில், அவ்வுறுதிக்குள்ளே இந்த அச்சமும் சேர்ந்தே வளர்கிறது. மதில், பின்பு கப்பல், பின்பு அடுத்தவன் மதிலை இடிக்கும் கப்பல் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

ஏதென்சுக்கு நினைவு திரும்பவே இல்லை என்றும் நாம் சொல்லமாட்டோம். பேரரசு அழிந்து பல ஆண்டுகள் கழிந்த பின், கி.மு. நான்காம் நூற்றாண்டில், திரோய்சன் மக்களிற் சிலர் தம் ஊரிலிருந்து துரத்தப்பட்டு ஏதென்சுக்கு வந்தனர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த உதவியை எண்ணி ஏதென்ஸ் அவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. ஹைப்பெரிடிஸ் என்ற பேச்சாளர் நீதிமன்றில் ஆற்றிய ஓர் உரையில் இச்செய்தி உள்ளது.

திரோய்சனோ தானாகவே நினைவைக் காத்து வந்தது. மக்களை வெளியேற்றும்படி தெமிஸ்தோக்கிளிஸ் கொண்டுவந்த தீர்மானம் பொறித்த கல் ஒன்று 1959இல் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. எழுத்து கி.மு. மூன்றாம் நூற்றாண்டினது, வாசகம் மூலத்தின்படியே உள்ளதா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அவ்வூருக்குச் சென்ற பவுசானியஸ் என்ற பயணி (முன்னர் நாம் குறிப்பிட்ட தளபதி வேறு) சந்தையடி மண்டபமொன்றிலே கல்லாற் செய்த பெண்களையும் பிள்ளைகளையும் கண்டார். ஏதென்ஸ் மக்கள் பாதுகாப்புக்காகத் திரோய்சனிடம் ஒப்படைத்த பெண்களும் பிள்ளைகளும் அவர்களே. வந்தவர்கள் எல்லோருக்கும் சிலை வைக்கவில்லையாம். மேற்குடிப் பெண்களுக்கு மட்டும் வைத்தார்களாம்.